பேராசிரியர் ஹைட்ரஜனின் ஊரில்

ரெய்க்யாவிக் நகரில் எந்த விடுதியில் வெந்நீர்க் குழாயைத் திறந்தாலும் லேசாக முட்டை வாடை அடிக்கிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு. பூமிக்குள்ளேயே சூடாகிக் குழாய்க்கு வந்த நீர் அது. எண்ணெய் எரிக்கவில்லை, எரிவாயு எரிக்கவில்லை. ஐஸ்லாந்தில் பத்து வீடுகளுக்கு ஒன்பது வீடுகள் பூமியின் இந்தச் சூட்டில்தான் குளிர்காலத்தைக் கடக்கின்றன. இந்த நீர் எந்த மலையில் மழையாகப் பெய்தது, எந்த வழியாக நிலத்துக்குள் இறங்கியது, எங்கே சூடாகித் திரும்பி வந்தது என்று பல ஆண்டுகள் துருவிப் பார்த்தவர் ஒரு வேதியியல் பேராசிரியர். பெயர் பிராகி ஆர்னசோன். அங்கே பிரதமரானாலும் முதற்பெயரால்தான் குறிப்பிடுவார்கள். ஆர்னசோன் என்பது நம் இனிஷியல் மாதிரி தந்தையின் பெயரைச் சொல்வது. ஆகவே நானும் பிராகி என்றே எழுதுகிறேன்.

அவர் இன்று உயிரோடு இல்லை. அவர் தொடங்கிவைத்த காரியம் என்ன ஆயிற்று என்று நேரில் பார்க்கத்தான் ஐஸ்லாந்துக்குப் போனேன். உலகப் பத்திரிகைகள் அவருக்கு வைத்த பெயர் ‘பேராசிரியர் ஹைட்ரஜன்’.

விமான நிலையம் இருக்கும் கெஃப்லாவிக்கிலிருந்து தலைநகருக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். இருபுறமும் உறைந்த எரிமலைக் குழம்பு, அதன்மேல் சாம்பல் கலந்த பச்சைப் பாசி. மரம் கிடையாது. நகரம் நெருங்கும்போது கடலோரத்தில் சிவப்பும் வெள்ளையுமாகப் பெரிய கொள்கலன்கள் தெரிகின்றன. ஸ்ட்ராம்ஸ்விக் அலுமினிய ஆலை, 1969 முதல் இயங்குகிறது. ஐஸ்லாந்தின் மண்ணில் அலுமினியத் தாது இல்லை. கப்பலில் கொண்டுவந்து, இங்குள்ள மலிவான மின்சாரத்தில் உருக்கி, மறுபடி கப்பலில் ஏற்றி அனுப்புகிறார்கள். நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இப்படிப்பட்ட பெரிய ஆலைகளுக்குப் போகிறது. ஆறுகளும் பூமிச் சூடும் தரும் மின்சாரம் இவ்வளவு மிஞ்சியிருக்கும் நாடு, கார் ஓட்டவும் மீன் பிடிக்கவும் ஒரு சொட்டு விடாமல் எண்ணெயை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. பிராகியை உறுத்தியது இதுதான்.

ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகம் நகரின் நடுவிலுள்ள ஏரியை ஒட்டி, சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருக்கிறது. 1911-இல் தொடங்கிய நிறுவனம். சாம்பல் நிற முதன்மைக் கட்டடம் 1940-இல் திறக்கப்பட்டது. அதன் முன்னால் ஒரு சிலை. கடல்நாயின் முதுகில் ஏறிநின்று அதன் தலையில் புத்தகத்தால் அடிக்க ஓங்குகிறார் ஒரு மனிதர். அவர் சேமுந்தூர் என்ற பழங்காலக் கல்விமான். வெளிநாட்டில் படித்துவிட்டு ஊர் திரும்பச் சாத்தானோடு ஒப்பந்தம் போட்டாராம். சாத்தான் கடல்நாயாக மாறி அவரைச் சுமந்து வந்ததாம். கரை தெரிந்ததும் கையிலிருந்த வேதப் புத்தகத்தால் அதன் மண்டையில் ஒரு போடு போட்டுவிட்டு நீந்திக் கரையேறினாராம். கல்வியால் தப்பித்தவரின் சிலையைப் பல்கலைக்கழக வாசலில் நிறுத்திய அந்த ஜனங்களை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

பிராகியின் தொடக்க கால ஆராய்ச்சி எரிபொருளைப் பற்றியது அல்ல, தண்ணீரைப் பற்றியது. தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களில் ஏறத்தாழ ஆறாயிரத்துச் சொச்சத்துக்கு ஒன்று இரு மடங்கு கனமாக இருக்கும். அதுதான் டியூட்டீரியம். மேகம் கடலிலிருந்து உள்நாட்டுக்கு நகர்ந்து, மலைமேல் ஏறி, குளிரக் குளிர, கனமான அணுக்கள் உள்ள நீர் முந்திக்கொண்டு மழையாக இறங்கிவிடும். ஆகவே உள்நாட்டு மலையுச்சியில் விழும் பனியில் டியூட்டீரியம் குறைவு, கடலோர மழையில் அதிகம். பிராகி நாடு முழுவதும் மழைநீரையும் பனியையும் ஊற்று நீரையும் சேகரித்து அளந்தார். வெந்நீர் ஊற்றில் உள்ள அளவை மலைப்பனியில் உள்ள அளவோடு பொருத்தினால், அந்த நீரின் பிறந்த இடம் தெரிந்துவிடும். கடலோரத்தில் பொங்கும் வெந்நீரில் பலவும் தொலைவிலுள்ள மேட்டு நிலங்களில் விழுந்த நீர் என்று காட்டினார். 1976-இல் அது முனைவர் பட்ட ஆய்வாக வெளிவந்தது.

அதே எழுபதுகளில்தான் எண்ணெய் நெருக்கடி வந்தது. ஐஸ்லாந்து அவசர அவசரமாக வீடுகளின் எண்ணெய் அடுப்புகளை விட்டுப் பூமிச் சூட்டுக்கு மாறியது. அந்த மாற்றத்தை அருகிலிருந்து பார்த்த பிராகி அடுத்த கேள்வியைக் கேட்டார்: வீட்டுக்குச் செய்ததை வண்டிக்கும் படகுக்கும் ஏன் செய்யக்கூடாது? மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கலாம். அதை எரிபொருளாகக் கொடுக்கலாம். அன்று அதைக் காதில் போட்டுக்கொண்டவர்கள் குறைவு. இருபது ஆண்டுகள் வகுப்பிலும் கூட்டங்களிலும் கட்டுரைகளிலும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பல்கலைக்கழகம் அவரை அந்த வேலையைச் செய்யவிட்டது. இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்த இருபது ஆண்டுகள்தாம். ஆண்டுக்கு ஆண்டு பலன் காட்டு என்று கேட்கும் நிறுவனமாக இருந்திருந்தால், 1980-லேயே அவர் வேறு தலைப்புக்கு மாறியிருப்பார்.

1990-களின் இறுதியில் காலம் கனிந்தது. ஐஸ்லாந்து அரசு ஹைட்ரஜனைக் கொள்கையாக ஏற்றது. 1999-இல் டெய்ம்லர் கிரைஸ்லர், ஷெல், நார்ஸ்க் ஹைட்ரோ ஆகிய மூன்று பெரும் நிறுவனங்களோடு சேர்ந்து ‘ஐஸ்லாந்துப் புதிய ஆற்றல்’ என்ற கம்பெனி அமைந்தது. அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் அதே பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் தோர்ஸ்டெய்ன் சிக்ஃபூசோன். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்து திரும்பியவர். 2007-இல் ரஷ்யாவின் உலக ஆற்றல் பரிசைப் பெற்றவர். பிராகி வகுத்த திட்டம் படிப்படியானது. முதலில் நகரப் பேருந்துகள், பிறகு கார்கள், கடைசியில் மீன்பிடிக் கப்பல்கள். முழுதும் முடியப் பல பத்தாண்டுகள் ஆகும் என்று அவரே சொல்லியிருந்தார். கப்பல்தான் கடைசிப் படி என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உலகம் அதை மறந்துவிட்டது.

பேருந்துகள் எப்படி ஓடின என்பதைச் சொல்ல, எரிபொருள் மின்கலத்தைச் சொல்லியாக வேண்டும். வேல்ஸைச் சேர்ந்த வில்லியம் குரோவ் 1839-லேயே இதன் தத்துவத்தைக் காட்டிவிட்டார். அப்போலோ விண்கலங்களுக்கு மின்சாரமும் குடிநீரும் கொடுத்தது இதுதான். ஒரு மெல்லிய சவ்வு. அதன் இருபுறமும் பிளாட்டினத் துகள் பூசிய மின்முனைகள். ஒரு பக்கம் ஹைட்ரஜன் வருகிறது. பிளாட்டினத்தின்மேல் அது புரோட்டானாகவும் எலெக்ட்ரானாகவும் பிரிகிறது. சவ்வு புரோட்டானை மட்டும் உள்ளே விடும். எலெக்ட்ரான் வெளியே கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அந்தச் சுற்றுதான் மின்சாரம். மறுபக்கம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு இரண்டும் சேர்ந்து தண்ணீராகின்றன. நெருப்பில்லை, புகையில்லை.

கணக்குப்படி ஒரு கலம் 1.23 வோல்ட் கொடுக்க வேண்டும். வண்டி ஓடும்போது கிடைப்பது 0.7 வோல்ட் அளவு. பாக்கி எங்கே போகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடியதில் இதே பல்கலைக்கழகத்துக்குப் பங்குண்டு என்பது வெளியே அதிகம் பேசப்படாத செய்தி. டென்மார்க்கின் யென்ஸ் நோர்ஸ்கோவ் குழுவினரும் ஐஸ்லாந்தின் ஹான்னெஸ் யோன்சோனும் சேர்ந்து 2004-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சோதனைக் குழாயில் செய்த ஆய்வு அல்ல அது. பிளாட்டினப் பரப்பின்மேல் ஆக்சிஜன் எப்படி ஒட்டுகிறது, எவ்வளவு பலமாக ஒட்டுகிறது என்று குவாண்டம் இயற்பியல் கொண்டு கணினியில் போட்ட கணக்கு. ஆக்சிஜனும் ஹைட்ராக்சைடும் பிளாட்டினத்தை வேண்டியதைவிடக் கொஞ்சம் இறுக்கமாகப் பற்றிக்கொள்கின்றன; அவற்றை விடுவித்துத் தண்ணீராக்குவதற்குத்தான் அந்த வோல்ட் இழப்பு என்று அவர்கள் காட்டினார்கள். பிடி மிக இறுகினாலும் வேலை நடக்காது, மிகத் தளர்ந்தாலும் நடக்காது. எந்த உலோகம் எந்த இடத்தில் நிற்கிறது என்று அவர்கள் வரைந்த வளைவு, மேலே ஏறி உச்சிக்குப் போய் இறங்கும். பிளாட்டினம் உச்சிக்கு அருகே இருக்கிறது, உச்சியில் இல்லை.

அந்த ஒரு படம் எத்தனையோ ஆய்வுக்கூடங்களுக்கு வழிகாட்டியது. பிளாட்டினத்தோடு கோபால்ட்டையோ நிக்கலையோ கலந்தால் பிடி சற்றுத் தளரும் என்பதற்கு அதில் விளக்கம் இருந்தது. 2014-இல் டொயோட்டா விற்பனைக்குக் கொண்டுவந்த மிராய் காரில் பிளாட்டினம்-கோபால்ட் கலவைதான் வினையூக்கி. நான்கு லட்சத்துக்கும் குறைவான மக்கள் உள்ள ஒரு நாட்டின் பல்கலைக்கழகத்தில், பென்சிலும் கணினியுமாக இருக்கும் ஒரு துறையிலிருந்து இது வந்தது. ஆராய்ச்சிக்குப் பெரிய கட்டடமும் பெரிய நாடும் வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை அறிய வேண்டும்.

ஊரின் கிழக்கே கிரியோட்ஹால்ஸ் என்ற இடத்துக்குப் பேருந்தில் போனேன். நெடுஞ்சாலை ஓரத்தில் கிடங்குகளும் கார் விற்பனை நிலையங்களும் இருக்கும் சாதாரணமான பகுதி. இங்கேயிருந்த ஷெல் பங்கில்தான் 2003 ஏப்ரல் 24-ஆம் தேதி ஹைட்ரஜன் நிலையம் திறக்கப்பட்டது. சாதாரணப் பெட்ரோல் பங்கிலேயே, பொதுமக்களும் வந்து நிரப்பிக்கொள்ளும்படி அமைந்த உலகின் முதல் ஹைட்ரஜன் நிலையம் என்று அதைச் சொல்வார்கள். ஐஸ்லாந்தியர்கள் கோடையின் முதல் நாள் என்று கொண்டாடும் விடுமுறை நாள் அது. தண்ணீரும் மின்சாரமும் அங்கேயே வந்தன. ஹைட்ரஜன் அங்கேயே உற்பத்தியாயிற்று. அதே ஆண்டு மூன்று மெர்சிடிஸ் பேருந்துகள் வந்தன. இதே மாதிரி ஐரோப்பாவில் லண்டன், ஹாம்பர்க், மாட்ரிட் முதலிய ஒன்பது நகரங்களில் மும்மூன்று ஓடின. ரெய்க்யாவிக்கில் ஓடியவை 2007 தொடக்கம் வரை மக்களைச் சுமந்தன. பழுதாகி நிற்கும் என்று பயந்தவர்கள் உண்டு. எதிர்பார்த்ததைவிட நன்றாகவே உழைத்தன.

இன்று அந்தப் பக்கம் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. நான் போன மஞ்சள் நிற நகரப் பேருந்து வகையில் சில சீனாவில் செய்த பேட்டரிப் பேருந்துகள். 2018-இல் வந்து சேர்ந்தவை. 2023-இல் நாட்டில் விற்ற புதிய கார்களில் ஏறத்தாழப் பாதி பேட்டரிக் கார்கள். சாலையில் ஹைட்ரஜன் தோற்றுவிட்டது என்பதில் சந்தேகமில்லை.

ஏன் தோற்றது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். அந்தப் பேருந்தின் கூரைமேல் ஒன்பது உருளைகள். 350 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 40 கிலோ ஹைட்ரஜன். அதை வைத்துக்கொண்டு சுமார் 200 கிலோமீட்டர் ஓடும். ஒரு கிலோ ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்க ஏறத்தாழ 55 யூனிட் மின்சாரம் வேண்டும். ஆக 40 கிலோவுக்கு 2,200 யூனிட். கிலோமீட்டருக்கு 11 யூனிட். இன்றைய பேட்டரிப் பேருந்து கிலோமீட்டருக்கு ஒன்று, ஒன்றரை யூனிட்டில் ஓடுகிறது. அந்தக் காலப் பேருந்தில் பிரேக் பிடிக்கும்போது ஆற்றலைத் திரும்பச் சேமிக்கும் வசதி இல்லை. பின்னால் வந்த வண்டிகளில் செலவு பாதியாகக் குறைந்தது. அப்படிப் பார்த்தாலும் இடைவெளி பெரிது. மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி, அழுத்தி, மறுபடி மின்சாரமாக்குவதில் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் போய்விடுகிறது. அதோடு ஒரு பேருந்தின் விலை பத்து லட்சம் யூரோவுக்கு மேல். கார்க் கம்பெனிகள் இதோ வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த ஹைட்ரஜன் கார்கள் ஐஸ்லாந்துக்கு மிகச் சிலவே வந்தன. 2008 அக்டோபரில் நாட்டின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் சரிந்தன. அதற்குப் பிறகு யாரிடமும் பணம் இல்லை.

இந்த இடத்தில் பலரும் கதையை முடித்துவிடுகிறார்கள். ஹைட்ரஜன் கனவு, பேராசிரியரின் ஆசை, நடக்கவில்லை, அவ்வளவுதான் என்று. நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அன்று மூன்று பேருந்துகளை ஓட்டி அளந்து எழுதிவைத்த ஏடுகள் இல்லையென்றால், ஹைட்ரஜனை எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதை இவ்வளவு தெளிவாக நாம் இன்று சொல்ல முடியாது. பல்கலைக்கழக ஆராய்ச்சி செய்ய வேண்டிய வேலை அதுவும்தான். தவறிப்போனது வேறொன்று. முதற்படி சறுக்கியதும், கடைசிப் படியை நோக்கி யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கிரியோட்ஹால்ஸிலிருந்து வடக்கே சிறிது தூரம் போனால் குஃபுனெஸ் என்ற கடலோர முனை. எதிரே எஸ்யா மலை, நடுவே வீடேய் தீவு. அங்கே பழைய தொழிற்சாலைக் கட்டடங்கள் நிற்கின்றன. இப்போது அவற்றில் சினிமாப் படப்பிடிப்பு நிலையம் நடக்கிறது. 1954 முதல் 2001 வரை அது அரசு தொடங்கிய உரத் தொழிற்சாலை. ஹைட்ரஜனைப் பற்றிப் பேசும் யாரும் இங்கே ஒருமுறை வந்து போக வேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று. காரணம், பிராகி அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதுவதற்கு முன்பே, இந்த ஆலை ஆற்று மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியாவாக்கி, ஐஸ்லாந்தின் புல்வெளிகளுக்கு உரம் கொடுத்துக்கொண்டிருந்தது. பசுமை ஹைட்ரஜன் என்று இன்று நாம் பேசுவதை அரை நூற்றாண்டு முன்பே அங்கே சத்தமில்லாமல் செய்தார்கள்.

நம் நாட்டிலும் செய்தோம். பக்ரா அணையின் மின்சாரத்தைக் கொண்டு பஞ்சாபின் நங்கலில் 1960-களின் தொடக்கத்தில் மின்னாற்பகுப்பு வழியில் உரம் தயாரித்தார்கள். பின்னர் எண்ணெயும் இயற்கை வாயுவும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. இன்று இந்தியாவின் உர ஆலைகளில் ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்துதான் வருகிறது. கூடவே கார்பன் டை ஆக்சைடும் வருகிறது. 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம் 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்று இலக்கு வைத்திருக்கிறது. அதில் ஒரு கிலோகூட நகரக் காருக்குப் போகாமல் உர ஆலைக்குப் போனால் நான் மகிழ்வேன்.

பல்கலைக்கழகத்தின் மத்தியக் கூடத்தில் ஒரு உணவகம் இருக்கிறது. சூப்பும் ரொட்டியும் மாணவர் விலையில் கிடைக்கும். அங்கே ஒரு ஆய்வு மாணவியோடு பேச வாய்த்தது. வேதியியலில் அம்மோனியாவைப் பற்றி ஆராய்பவர். உலகம் ஆண்டுக்குச் சுமார் 18 கோடி டன் அம்மோனியா தயாரிக்கிறது. ஹாபர்-பாஷ் முறை: 400, 500 டிகிரி வெப்பம், நூறு வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அழுத்தம். அந்தப் பெரிய ஆலையே வேண்டாம், தண்ணீரும் காற்றும் மின்சாரமும் மட்டும் கொண்டு ஒரு சிறு கலத்தில், அறை வெப்பத்தில் அம்மோனியா செய்ய முடியுமா என்பது இங்குள்ள கேள்வி. பேராசிரியர் எகில் ஸ்கூலசோன் பல ஆண்டுகளாக இதற்கான வினையூக்கிகளைக் கணினியில் தேடிவருகிறார். 2016-இல் இதிலிருந்து அட்மோனியா என்ற சிறு நிறுவனமும் பிறந்தது.

“எங்கள் பிரச்சினை ஹைட்ரஜன்தான்” என்றார் அந்த மாணவி. புரியவில்லை என்றேன். மின்முனைக்கு வரும் எலெக்ட்ரான்களுக்கு நைட்ரஜனின் முப்பிணைப்பை உடைப்பது கடினம். புரோட்டானோடு சேர்ந்து ஹைட்ரஜன் வாயுவாகிப் போய்விடுவது சுலபம். சுலபமான வழியை அடைத்து, கடினமான வழியைத் திறக்கும் பரப்பு ஒன்று வேண்டும். அதைத்தான் தேடுகிறார்கள்.

இன்னொரு சங்கடத்தையும் சொன்னார். கலத்தில் உண்டாகும் அம்மோனியா மிகச் சிறு அளவு. அறைக் காற்றில் அம்மோனியா இருக்கிறது, கையுறையில் இருக்கிறது, மனிதன் விடும் மூச்சில்கூட இருக்கிறது. உலகில் பல குழுக்கள் வெற்றி வெற்றி என்று வெளியிட்டவை வெளியிலிருந்து ஒட்டிக்கொண்ட அம்மோனியாவாக இருக்கக்கூடும் என்று 2019-இல் ஒரு முக்கியமான கட்டுரை எச்சரித்தது. அதற்கு வழி? சாதாரண நைட்ரஜனுக்குப் பதிலாகக் கனமான நைட்ரஜன்-15 ஐசோடோப்பைக் கலத்துக்குள் செலுத்த வேண்டும். வெளிவரும் அம்மோனியாவில் அந்தக் கனமான அணு இருந்தால் அது உண்மையில் கலத்தில் உண்டானது. இல்லையென்றால் வெளியிலிருந்து வந்தது. கேட்டுக்கொண்டிருந்தபோது பிராகியின் நினைவு வந்தது. கனமான ஹைட்ரஜனை அளந்து வெந்நீரின் பிறந்த இடத்தைக் கண்டவர் அவர். அரை நூற்றாண்டுக்குப் பிறகு அதே பல்கலைக்கழகத்தில், கனமான நைட்ரஜனை வைத்து ஒரு தலைமுறை தன் முடிவுகளின் பிறந்த இடத்தைச் சோதிக்கிறது.

எத்தனை ஆண்டு ஆகும் என்று கேட்டேன். “தெரியாது. என் ஆய்வுக் காலத்துக்குள் ஆகாது” என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. செய்ய வேண்டிய வேலை என்று நினைப்பவர்களின் குரல் அது. அவருக்குக் கிடைக்கும் உதவித்தொகை தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்பினேன்.

புவிவெப்ப மின்நிலையம் இருக்கும் ஸ்வார்ட்செங்கிக்குப் போக நினைத்திருந்தேன், முடியவில்லை. ரெய்க்யானெஸ் தீபகற்பத்தில் இருக்கும் அந்த இடத்துக்கு அருகே 2023 டிசம்பரிலிருந்து எரிமலை திரும்பத் திரும்ப வெடித்தது. பக்கத்து ஊரான கிரிண்டாவிக்கை அதற்கு முந்தைய மாதமே காலி செய்துவிட்டார்கள். மின்நிலையத்தைச் சுற்றி மண்கரை எழுப்பி எரிமலைக் குழம்பைத் தடுத்தார்கள். நான் போன சமயம் அங்கே செல்லும் சாலையை மூடியிருந்தார்கள். நெடுஞ்சாலையிலிருந்தே, தொலைவில் எழும் வெண்ணிற ஆவியைப் பார்த்தேன். அந்த நிலையத்தை ஒட்டித்தான் ஜார்ஜ் ஓலாவின் பெயர் தாங்கிய சிறு ஆலை இருக்கிறது. வேதியியலில் 1994-இல் நோபல் பரிசு பெற்றவர் ஓலா. எரிபொருளாக மெத்தனாலைக் கொள்ள வேண்டும் என்று வாதாடியவர். மின்நிலையத்தின் ஆவியோடு வரும் கார்பன் டை ஆக்சைடை, தண்ணீரிலிருந்து பிரித்த ஹைட்ரஜனோடு சேர்த்து மெத்தனால் ஆக்கவே அந்த ஆலையை அமைத்தார்கள். ஆண்டுக்கு 4,000 டன் வரை செய்யும் திறன் கொண்டது. அங்கே கற்ற தொழில்நுட்பத்தைக் கொண்டு சீனாவின் ஆன்யாங் நகரில் ஆண்டுக்கு 1,10,000 டன் ஆலை 2022-இல் இயங்கத் தொடங்கியது. வாயுவான ஹைட்ரஜனை 350 பாரில் அடைக்க வேண்டிய கஷ்டம் மெத்தனாலில் இல்லை. அது திரவம், சாதாரணத் தொட்டியில் நிற்கும். கப்பலுக்கு மெத்தனால்தான் ஏற்றது என்று பிராகியின் பழைய திட்டத்திலேயே குறிப்பு உண்டு.

ஊர் திரும்புமுன் ரெய்க்யாவிக்கின் பழைய துறைமுகத்துக்குப் போனேன். மாலைக் காற்றில் மீன் வாடையும் டீசல் வாடையும் கலந்து அடித்தது. திமிங்கிலம் காட்டும் படகுகள் வரிசையாக நின்றன. எல்டிங் என்ற படகில் 2008-இல் ஒரு சிறு எரிபொருள் மின்கலத்தைப் பொருத்திப் பார்த்தார்கள். திமிங்கிலம் தென்பட்டதும் பெரிய எஞ்சினை நிறுத்திவிட்டு, விளக்குக்கும் கருவிகளுக்கும் ஹைட்ரஜன் மின்சாரத்தைக் கொடுப்பது திட்டம். சிறிய முயற்சிதான். ஆனாலும் சரியான திசையில் எடுத்துவைத்த அடி அதுவே என்று நினைக்கிறேன்.

துறைமுகத்தின் மறுபக்கம் ஆழ்கடல் மீன்பிடிக் கப்பல்கள். ஒவ்வொன்றும் வாரக்கணக்கில் வட அட்லாண்டிக்கில் நிற்கக்கூடியது. அவ்வளவு நாளுக்கான மின்சாரத்தைப் பேட்டரியில் சுமந்து போனால் கப்பலில் மீனுக்கு இடம் இருக்காது. நடுக்கடலில் சார்ஜ் போடும் இடமும் இல்லை. பேருந்துக்கு இருந்த மாற்று வழி கப்பலுக்கு இல்லை. ஹைட்ரஜனை மெத்தனாலாகவோ அம்மோனியாவாகவோ மாற்றிக் கொண்டுபோகலாம். அதற்கு ஏற்ற கலங்களும் எஞ்சின்களும் வினையூக்கிகளும் இன்னும் முழுதாகக் கைவரவில்லை. அதற்குத்தான் ஆய்வுக்கூடம் வேண்டும், மாணவர் வேண்டும், பொறுமையாகப் பணம் கொடுப்பவர் வேண்டும்.

பேருந்துத் திட்டம் தொடங்கிய காலத்தில் ஐஸ்லாந்து எரித்த எண்ணெயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மீன்பிடிக் கப்பல்களுக்குப் போயிற்று. அந்தக் கப்பல்கள் இன்றும் எண்ணெயில்தான் ஓடுகின்றன. சாலையைப் பேட்டரி எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொள்ளட்டும், அது நல்லதே. பிராகி கடைசிப் படியாக எழுதிவைத்த கப்பலை இனி முதற்படியாக எடுத்துக்கொண்டு, உரத்துக்கான அம்மோனியாவையும் அதோடு சேர்த்து, பல்கலைக்கழகங்கள் தங்கள் ஹைட்ரஜன் ஆராய்ச்சியை அங்கிருந்து தொடர வேண்டும். அரசுகள் அதற்கு இருபது ஆண்டுக்கான பணத்தை ஒரே தீர்மானத்தில் ஒதுக்க வேண்டும்.